ஆளுக்கு ஓர் ஓட்டு

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டங்களில் வாசிக்கும்பொருட்டு எழுதப்பட்ட பிரசங்கம்)



தாமிரவருணிப் பாசனத்தில் பயிரிடும் குடியானவருக்கு முறை என்பது இன்னதென்று ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பொதிகையிலிருந்து இறங்கிவரும் ஆற்றைக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்ற எட்டு அணைகள் தடுத்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. கார், பிசானம் என்ற இரு போகங்களும் அந்நீரை நம்பியே நடக்கின்றன. கால்வாய் நிறைந்து ஓடும் நாட்களில் முறையைப்பற்றி எவரும் பேசுவதில்லை. நீர் குறையும்போதுதான் தலைமடைக்காரர் எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டார், கடைமடைக்காரருக்கு எவ்வளவு நேரம் விட்டார் என்ற விசாரணை பிறக்கிறது. முறை முன்னமே ஏற்பட்டு, அதனைக் கேட்க ஆளும் இருந்தால் கடைமடைப் பயிர் பிழைக்கும். இல்லையேல் வலியவன் வெட்டியதே வாய்க்கால் ஆகும்.

ஓட்டுரிமையும் இத்தகைய முறைதான். ஊர்ப் பொதுக்காரியம் என்ற வாய்க்காலில் ஒவ்வொருவருக்கும் உரிய நாழிகை அது. காரியங்கள் செவ்வனே நடக்குங்காலத்தில் அதன் அருமை புலப்படுவதில்லை. சங்கத்தின் பணம் குறையும்போதும், உரியவருக்குக் கடன் மறுக்கப்படும்போதும், பஞ்சாயத்தின் தெருவிளக்கும் குடிதண்ணீரும் ஒரு தெருவோடு நின்றுவிடும்போதும்தான் அதன் அவசியம் தெரியவருகிறது. இதனைக் குறித்து இரண்டு கேள்விகள் ஆராயத்தக்கவை. ஓட்டு என்பது நிலத்துக்கு உரியதா, வரிக்கு உரியதா, அன்றி ஆளுக்கு உரியதா என்பது முதற் கேள்வி. ஆளுக்கே உரியதென்று ஒருமுறை தீர்ந்துவிட்டால், பின்பு அது தானாகவே நிலைத்து நிற்குமா என்பது இரண்டாவது கேள்வி.

நிலப் பங்குக்கு ஓட்டு

முதற் கேள்விக்கு விடை தேடத் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனுடைய 35-ம் ஆட்சியாண்டில், சுமார் கி.பி. 800-ல், பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அவ்வூர் மகாசபையார் கூடித் தங்கள் சபையில் யார் அமரலாம் என்பதற்கு விதி வகுத்துக்கொண்ட செய்தியை அது தெரிவிக்கிறது. ஊரில் பங்குடையாரின் மக்களுள் ஒரு பங்குக்கு ஒருவர் மட்டுமே சபையில் அமரலாம். அவர் நல்லொழுக்கமுடையவராயும், வேதப் பகுதியிலும் தரும சாஸ்திரம் ஒன்றிலும் தேர்ந்தவராயும் இருக்கவேண்டும். விலைக்கு வாங்கிய பங்குக்கும், தானமாகப் பெற்ற பங்குக்கும், ஸ்திரீதனமாக வந்த பங்குக்கும் இதுவே விதி. கால், அரை, முக்கால் என்று சபையுரிமையைத் துண்டாக்கிக் கொடுக்கலாகாது. முழு உரிமை இல்லாதவர் எந்த வாரியத்திலும் அங்கம் வகிக்கலாகாது. எடுத்த காரியத்துக்கெல்லாம் மறுப்புச் சொல்லி முட்டுக்கட்டையிடுபவரும், அவருக்குத் துணைநிற்பவரும், ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும்.

ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமம் தன் சபையின் ஒழுங்கைத் தானே ஆராய்ந்து, தீர்மானித்து, எவரும் பின்னர் மாற்றிச் சொல்லாதபடி கல்லில் வெட்டிவைத்தது பெருமைக்குரிய காரியமே. இவ்வாறே செங்கற்பட்டுச் சீமையின் உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், குடவோலை முறை வகுக்கப்பட்டது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாதென்று விதித்தனர். முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவரையும் விலக்கினர். இவ்விரு விதிகளும் எக்காலத்துச் சங்கத்துக்கும் பாடமாகத் தக்கவை.

ஆயினும், பெருமையைச் சொல்லும்போது குறையையும் சொல்லுதல் வேண்டும். மானூரில் உரிமை நிலப் பங்கைச் சார்ந்திருந்தது. உத்தரமேரூரில் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்க்கே ஓலையில் பெயர் எழுதப்பட்டது. அவை பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்களின் சபைகள். வயலில் இறங்கி உழுதவரும், கால்வாயை வெட்டியவரும், நெசவு செய்தவரும் அச்சபைகளில் இடம்பெறவில்லை. ஸ்திரீதனமாக வந்த பங்குக்குச் சபையில் மதிப்பு இருந்தது; அப்பங்கைக் கொண்டுவந்த ஸ்திரீக்கு அங்கே ஆசனம் இல்லை. பழைய சபைகளை மீண்டும் அமைத்துவிட்டால் கிராமம் சீர்ப்படும் என்பார், அச்சபைகளின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் வாசலை அகலத் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வரிக்கு ஓட்டு

ஆங்கிலேயர் ஆட்சியில் தேர்தல் என்ற முறை மறுபடி வந்தபோது, நிலப் பங்கின் இடத்தில் வரி வந்து அமர்ந்தது. 1884-ம் வருஷத்துச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டப்படி ஜில்லா போர்டுகளும், தாலூகா போர்டுகளும், யூனியன் பஞ்சாயத்துக்களும் ஏற்பட்டன. நெடுங்காலம் அவற்றில் நியமனமே மிகுதி. 1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின்கீழ் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, இன்ன அளவு வரி செலுத்துவோர், இன்ன மதிப்புள்ள சொத்தை அனுபவிப்போர் என்று வரையறுத்தே ஜாபிதா எழுதினர். ஜனத்தொகையில் நூற்றுக்குச் சுமார் மூவரே அந்த ஜாபிதாவில் இடம்பெற்றனர். 1935-ம் வருஷத்துச் சட்டம் வரியின் அளவைக் குறைத்து, எழுத்தறிவு முதலிய வேறு தகுதிகளையும் சேர்த்தது. அப்போதும் சுமார் ஏழில் ஒருவருக்கே ஓட்டுக் கிடைத்தது. 1937-ம் வருஷத் தேர்தல் அந்த ஜாபிதாவைக்கொண்டே நடைபெற்றது.

வரி கொடுப்பவனுக்கே ஓட்டு என்பது கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஆனால் எந்த வரி என்பதை ஆராய்ந்தால் அதன் குறை விளங்கும். நிலத்தீர்வையும் வீட்டுவரியும் ஜாபிதாவில் கணக்கிடப்பட்டன. உப்புவரி கணக்கிடப்படவில்லை. சாப்பாட்டில் உப்பிட்டு உண்ட ஒவ்வொரு பண்ணையாளும் அவ்வரியைச் செலுத்திவந்தார். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிய கூலியாளும் செலுத்தினார். சர்க்கார் பொக்கிஷத்தில் அவர் காசு ஏற்கப்பட்டது. சட்டசபைத் தேர்தலில் அவர் குரல் ஏற்கப்படவில்லை. இந்த முரண்பாட்டை உணர்ந்தவர் பலர். 1928-ம் வருஷம் மோதிலால் நேரு தலைமையில் எழுந்த அறிக்கை, 21 வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் யாவருக்கும் ஓட்டுவேண்டும் என்றது. அவ்வாண்டிலேயே சைமன் கமிஷனுக்கு அளித்த அறிக்கையில் டாக்டர் அம்பேத்கரும் வயதுவந்தோர் வாக்குரிமையைக் கோரினார். ஓட்டு யாரிடம் இல்லையோ அவருடைய காரியம் எந்த ஆட்சியிலும் கடைசிக் காரியமாகவே நிற்கும் என்பதை ஒடுக்கப்பட்டோர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

சங்கம் காட்டிய வழி

இந்நிலையில், சட்டசபைக்கு முன்னதாகவே ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற கொள்கை கிராமத்தினுள் நுழைந்த வாசல் ஒன்று உண்டு. அது ஐக்கிய நாணய சங்கம். அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தைக் கடன் கொடுக்கும் இடம் என்று மட்டும் கருதுவார்களாயின், அதன் சரித்திரத்தில் பாதியை மறந்தவர்களாவர்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நகரில் 1844-ம் வருஷம் 28 தொழிலாளர்கள் கூடி ஒரு பண்டகசாலை தொடங்கினர். நெசவாளர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். முதல் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுத்தான் என்பது அவர்களின் முறை. பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டில்லாத வகுப்பார் அவர்கள். நகரத் தொழிலாளருக்கு அங்கே பரவலாக ஓட்டுக் கிடைத்தது 1867-ம் வருஷச் சட்டத்தினால்தான். சர்க்கார் கொடுப்பதற்கு முன்னமே அத்தொழிலாளர் தமக்குள் அவ்வுரிமையைக் கொடுத்துப் பழகிக்கொண்டனர்.

சென்னை மாகாணத்தில் பிரடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைபைசன் நிறுவிய கிராமச் சங்கங்களின் வழியைச் சிபாரிசு செய்தார். 1904-ம் வருஷத்தில் முதற் சட்டம் பிறந்தது. 1912-ம் வருஷத்துச் சட்டம், அங்கத்தினரின் பொறுப்புக்கு வரம்பு கட்டாத சங்கங்களில், மூலதனத்தில் ஒருவருக்கு எவ்வளவு பாகம் இருந்தபோதிலும் அவருக்கு ஓர் ஓட்டே உண்டு என்று விதித்தது. கிராம நாணய சங்கங்கள் பெரும்பாலும் அவ்வகையினவே.

இவ்விதியின் நியாயத்தை அங்கத்தினர் நன்கு சிந்திக்கவேண்டும். வரம்பற்ற பொறுப்பு என்றால், சங்கம் முறிந்தால் ஒவ்வொருவரும் தம் உடைமை முழுவதற்கும் ஜவாப்தாரியாவார். பத்துக் கோட்டை விதைப்பாடு உடையவருக்கு நஷ்டத்தில் ஒரு பகுதி போகும். ஒரு ஜோடி மாடும் ஒரு வீடும் உடையவருக்கு எல்லாமே போகும். நஷ்டத்தில் முழுப் பொறுப்பு ஏற்பவருக்கு நிர்வாகத்தில் முழுக் குரல் வேண்டாமா? எழுத்தறிவு இல்லாதவருக்கு ஓட்டு எதற்கு என்று கேட்போருக்கும் இதுவே விடை. கையெழுத்திடத் தெரியாதவரின் கைநாட்டை ஜாமீன் பத்திரத்தில் ஏற்கும் சங்கம், அவர் கையைத் தேர்தலில் மட்டும் தள்ளுவதற்கு நியாயமில்லை. ஓர் ஊரின் துன்பத்தில் பங்கு உள்ளவர் எல்லோருக்கும் அவ்வூரின் யோசனையிலும் பங்கு உண்டு. சங்கத்துக்குப் பொருந்தும் இந்த நியாயமே இராஜ்யத்துக்கும் பொருந்தும்.

நடைமுறையில் எல்லாம் செம்மையாக இருந்ததென்று கூறமுடியாது. வாரத்துக்குப் பயிரிடுபவர், மிராசுதாரின் முகத்தைப் பார்த்தே கைதூக்கிய சங்கங்கள் உண்டு. ஆதிதிராவிடரை அங்கத்தினராகச் சேர்க்காமலே ஊர்ச் சங்கம் என்று பெயர்வைத்துக்கொண்ட இடங்களும் உண்டு. அவர்களுக்கென்று லேபர் இலாகா தனிச் சங்கங்கள் அமைக்கவேண்டியிருந்ததே அதற்குச் சாட்சி. ஆனபோதிலும், சட்டசபை ஜாபிதாவில் பெயரில்லாத ஒரு குடியானவர், சங்கத்தின் மகாஜனக் கூட்டத்தில் பெரிய நிலக்காரருக்கு ஈடான ஓட்டுடன் உட்கார இடம் இருந்தது. அது சிறிய காரியம் அன்று.

ஸ்திரீகளின் ஓட்டு

பெண்கள் விஷயத்திலும் சென்னை மாகாணம் முற்பட்டு நின்றது. 1917-ம் வருஷம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஏற்பட்டது. அவ்வருஷம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஸ்திரீகள் தூதாகச் சென்று, சென்னைக்கு வந்திருந்த இந்தியா மந்திரி மாண்டேகுவிடம் ஓட்டுரிமை கேட்டனர். 1919-ம் வருஷத்துச் சட்டம் அதனைக் கொடுக்கவில்லை. மாகாணச் சட்டசபைகளின் விருப்பத்துக்கு விட்டது. 1921-ம் வருஷம் ஏப்ரலில் சென்னைச் சட்டசபை, பெண் என்ற காரணத்தால் ஓட்டு மறுக்கலாகாதென்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதுவே முதலாவது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே நின்றமையால், தம் பெயரில் நிலமோ வீடோ உடைய சிலருக்கே அது பயன்பட்டது. கதவு திறந்தது, படி உயரமாகவே இருந்தது.

அந்தப் படியை இடித்தது 1950-ம் வருஷம் ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம். அதன் 326-வது விதி, 21 வயது நிரம்பிய பிரஜைகள் யாவருக்கும் ஓட்டளித்தது. சொத்தும், வரியும், எழுத்தறிவும் கேட்கப்படவில்லை. 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் ஜாபிதாவில் இருந்தனர். எழுத்தறியாதோர் அடையாளங் காணும்பொருட்டுப் பெட்டிகளில் சின்னங்கள் ஒட்டப்பட்டன. ஆனால் அந்த ஜாபிதா எழுதியபோது, முக்கியமாக வடநாட்டில், பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே சொன்னார்கள். அவ்வாறு சுயபெயர் இல்லாத சுமார் 28 இலட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. ஓட்டு ஆளுக்கு உரியது என்றால் அந்த ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்கியது. 1989-ம் வருஷம் முதல் ஓட்டளிக்கும் வயது 18 ஆயிற்று.

பெற்ற உரிமை பறிபோகும் வழிகள்

இவ்வாறு முதற் கேள்வி தீர்ந்தது. ஓட்டு நிலத்துக்கன்று, வரிக்கன்று, ஆளுக்கே. இனி இரண்டாவது கேள்வி. தீர்ந்த காரியம் தீர்ந்தபடியே நிற்குமா? நிற்பதில்லை என்பதைச் சரித்திரம் மூன்று விதமாகக் காட்டுகிறது.

முதலாவது, சட்டத்தினாலேயே உரிமை பறிபோகலாம். திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்கள் அநேகம். இலங்கையில் 1931-ம் வருஷமே, ஆசியாவில் வேறெங்கும் பரவுமுன், ஆடவர் பெண்டிர் இருபாலாருக்கும் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்குச் சில நிபந்தனைகள் இருந்தபோதிலும், அவர்களிலும் பலர் ஓட்டளித்து 1947-ல் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். மறுவருஷமே 1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-ம் வருஷத் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய ஓட்டை நீக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் செய்த உடன்படிக்கை அவர்களை இன்ன நாட்டுக்கு இவ்வளவு பேர் என்று பங்கிட்டது. எஞ்சியோர்க்கு உரிமை முழுமையாகத் திரும்ப 2003-ம் வருஷத்துச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. பதினாறு வருஷங்கள் செலுத்திய ஓட்டை மீட்க ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆயின.

இரண்டாவது, சட்டம் அப்படியே இருக்க, ஊராரின் வலிமையால் உரிமை பறிபோகலாம். 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996-ல் தேர்தல் வந்தபோது, மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைமைப் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பத்து வருஷங்கள் தேர்தல் நடைபெறாமலும், நடந்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே ராஜிநாமாச் செய்யுமாறும் ஊர்க்கட்டுப்பாடு தடுத்தது. 2006-ல்தான் அங்கே தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நிலைத்தனர். அதே ஜில்லாவின் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐவரும் 1997-ம் வருஷம் ஜூன் 30-ல் கொல்லப்பட்டனர். ஓட்டைப் பெட்டியில் இடும் உரிமையும், அவ்வோட்டினால் வந்தவர் நாற்காலியில் அமரும் உரிமையும் ஒன்றே என்று ஊர் ஒப்புக்கொள்ளாதவரையில் சட்டம் பாதி வழியே வந்ததாகும்.

மூன்றாவது வழி ஓசையற்றது. எவருடைய ஓட்டையும் எவரும் நீக்குவதில்லை, எவரையும் அடிப்பதில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டுவிடுவதே அது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாக சபைகள் 1976-ல் கலைக்கப்பட்டுத் தனி அதிகாரிகள் வசம் ஒப்புவிக்கப்பட்டன. மறுபடி தேர்தல் வந்தது 1996-ல். இருபது வருஷ காலத்தில் ஒரு தலைமுறை அங்கத்தினர், பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் பழக்கத்தையே அறியாமல் வளர்ந்தனர்.

ஊராட்சிகளிலும் இதுவே நேர்ந்தது. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், ஊராட்சியின் காலம் ஐந்து வருஷம் என்றும், அது முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நடக்கவேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளின் காலம் 2016-ம் வருஷம் அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தபோது, அவ்வருஷம் நவம்பரில் திருநெல்வேலி ஜில்லா பிரிக்கப்பட்டுத் தென்காசி ஜில்லா உண்டாகியிருந்தமையால், இவ்விரண்டும் வேறு ஏழு ஜில்லாக்களும் விடப்பட்டன. இவற்றில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலேயே ஓட்டுப் பதிவாயிற்று. ஆகவே, ஒரே தாமிரவருணியில், தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீவைகுண்டத்துக் கடைமடை ஊர்களுக்கு 2020 ஜனவரியிலேயே தேர்ந்தெடுத்த தலைவர்கள் வந்துவிட்டார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துத் தலைமடை ஊர்கள் மேலும் ஒன்றேமுக்கால் வருஷம் காத்திருந்தன. அந்த இடைக்காலத்தில்தான் 2020-ம் வருஷப் பெருநோயும் வந்தது. தெருவைச் சுத்தம் செய்வதற்கும், குடிதண்ணீருக்கும் ஓர் ஊரார் தங்கள் பிரதிநிதியைப் பிடித்துக் கேட்கவேண்டிய காலத்தில், கேட்பதற்குப் பிரதிநிதி இல்லை. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் அந்த ஊராட்சிகள் தனி அதிகாரிகளிடமே சென்றன.

தனி அதிகாரி கெட்டவர் என்பது பொருளன்று. அவர் நேர்மையும் திறமையும் உடையவராக இருக்கலாம். ஆனால் அவர் மேலதிகாரிக்குக் கணக்குக் கொடுப்பவர். ஊராருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். நீர்க்கட்டி நல்லவராயினும், முறையைக் கேட்கும் உரிமையைக் குடியானவர் விட்டுக்கொடுப்பதில்லை. அதுபோலவே இதுவும். 2021-ம் வருஷத் தேர்தலில் பாளையங்கோட்டை யூனியனைச் சேர்ந்த சிவந்திப்பட்டியில் 90 வயது மூதாட்டி ஒருவரும், கடையம் யூனியனைச் சேர்ந்த வெங்காடம்பட்டியில் கல்லூரிப் படிப்பு முடித்த இளம்பெண் ஒருவரும் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எந்த அதிகாரியும் இவ்விருவரையும் நியமித்திருக்கமாட்டார். ஜனங்கள் நியமித்தார்கள். தேர்தலின் பொருள் அதுவே.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

சட்டங்களைத் திருத்துதல் சட்டசபையின் வேலை. தேர்தல் தேதி எவருடைய வசதிக்கும் ஒத்திவைக்கப்படலாகாது என்பதும், தனி அதிகாரியின் காலம் சில மாதங்களுக்கு மேற்படலாகாது என்பதும், ஜில்லா எல்லை மாறினாலும் ஊராட்சித் தேர்தல் நிற்கலாகாது என்பதும் அங்கத்தினர் தங்கள் பிரதிநிதிகளிடம் விடாது கேட்கவேண்டிய சீர்திருத்தங்கள். ஆனால் சங்கத்துக்குள்ளேயே அங்கத்தினர் கையால் ஆகக்கூடியவை சில உண்டு. அவற்றுக்கு எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை.

முதலாவது ஜாபிதா. சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலையும், ஊரின் ஓட்டர் பட்டியலையும் வருஷத்துக்கொருமுறை பொதுவிடத்தில் உரக்க வாசிக்கச் செய்யவேண்டும். இறந்தவர் பெயர் நீங்கவும், 18 வயது நிரம்பியவர் பெயர் ஓட்டர் பட்டியலில் ஏறவும், மணமாகி வந்த பெண்களின் பெயர் அவரவர் சொந்தப் பெயராகவே பதியவும் அதுவே எளிய வழி.

இரண்டாவது வாசல். சங்கத்தில் சேரத் தகுதியுடைய எவரையும், ஜாதி பற்றியோ பெண் என்பது பற்றியோ, நிலம் சொந்தமன்று என்பது பற்றியோ புறத்தே நிறுத்தலாகாது. அவ்வாறு நிறுத்தும் சங்கம் மானூர்ச் சபையின் குறையை எடுத்துக்கொண்டு அதன் பெருமையை விட்டதாகும்.

மூன்றாவது இரகசியம். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கையில் கைதூக்கும் வழக்கத்தை விடுத்துச் சீட்டு முறையைக் கைக்கொள்ளவேண்டும். கடன் கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கக் கடன் வாங்கியவர் தூக்கும் கை அவருடைய கை அன்று.

நான்காவது கணக்கு. தணிக்கை அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் எல்லோருக்கும் விளங்கும்படி வாசித்து, தவணை தவறியோர் பெயரைப் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றிச் சொல்லவேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிர்வாகத்துக்கு வரலாகாது என்ற உத்தரமேரூர் விதியைச் சங்கம் தன் மனத்திலாவது எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது மறுப்பு. வீண்தடை செய்பவருக்கு மானூரார் ஐந்து காசு தண்டம் விதித்தது காரியம் நடக்கவேண்டும் என்ற கவலையால். ஆனால் எது வீண்தடை, எது நியாயமான மறுப்பு என்பதைப் பெரும்பான்மையாரே தீர்ப்பார்களாயின் சிறுபான்மையார் வாய் அடைபட்டுப்போகும். ஆதலின் தண்டத்துக்குப் பதிலாக நடவடிக்கைப் புஸ்தகமே தக்க பரிகாரம். தீர்மானத்தை மறுத்தவர் பெயரும் காரணமும் அதில் எழுதப்படவேண்டும். இன்று மறுத்தவர் சொல் நாளை மெய்யாகலாம்.

ஆறாவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்ற ஆறு நாட்களிலும் கிராம சபை கூட்டப்பட வேண்டுமென்று 2022-ல் தமிழ்நாட்டில் ஏற்பாடாயிற்று. ஊரின் ஓட்டர் ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினரே. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகியவருக்குக் கிராம சபையில் பேசுவது கூச்சமாயிராது. பேசாதவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிறைவேறும் தீர்மானம் ஊரின் தீர்மானம் ஆகாது.

இவை பெரிய சீர்திருத்தங்களாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் பெரிய உரிமைகள் இத்தகைய சிறிய பழக்கங்களின் மேல்தான் நிற்கின்றன. மதகு உறுதியாயிருந்தும் வாய்க்காலில் மண்டிய கோரையை வருஷந்தோறும் அறுக்காவிட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது. அரசியல் சட்டம் மதகைப்போன்றது. ஜாபிதாவைப் பார்ப்பதும், கூட்டத்துக்கு வருவதும், கணக்கைக் கேட்பதும், தேதி தவறினால் ஏன் என்று விசாரிப்பதும் வாய்க்கால் வெட்டும் வேலை. அதனை ஒருவர் மற்றொருவருக்காகச் செய்ய முடியாது. ஆளுக்கு ஓர் ஓட்டு என்பதன் மறுபாதி, ஆளுக்கு ஒரு மண்வெட்டி என்பதே.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தாம் வருவதோடு, இதுவரை வராத ஓர் அங்கத்தினரையும் உடனழைத்து வருவாராக.